வீட்டில் கட்டிய கிட்டார் பெடல் பாட மறுத்தால்: பழுதைத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

கிட்டார் ஒலியை மாற்றும் பெடலைக் கட்டி முடித்து, மூடியைத் திருகி, கேபிளைச் செருகி மிதிக்கிறீர்கள். எல்இடி எரிகிறது, கிட்டார் கேட்கவில்லை. உடனே கை ஐசியைப் (உள்ளே இருக்கும் சிப்பை) பிடுங்கத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். சொந்தமாகக் கட்டிய பெடலில் ஐசி செத்திருப்பது கடைசிச் சந்தேகம். ஒயர், ஜாக், ஸ்விட்ச், ஈயம் வைத்த இடம் என இந்த நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு உட்கார்ந்திருக்கும். ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் பழைய பழுதோடு இரண்டு புதுப் பழுதும் சேரும். செம்புக் கோடும் சூட்டில் உரிந்து வந்துவிடும்.

எண்களோடு பேச ஒரு சர்க்யூட் வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிகம் தொடுவது ஒலியைக் கரகரப்பாக்கும் டிஓடி 250, எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் வகை. இரண்டும் ஒரே குடும்பம்: ஒரு 741 ஐசி, இரண்டு டயோடு, பத்துப் பன்னிரண்டு சில்லறைப் பாகங்கள். ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்து 1968இல் வெளிவந்த அந்த 741 இன்றும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் இவை. உள்ளே வரும் ஒலி 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 10கே ரெசிஸ்டர் வழியாக ஐசியின் 3ஆம் காலுக்குப் போகிறது. 9 வோல்ட்டை இரண்டு 22கே ரெசிஸ்டர்கள் பாதியாக்குகின்றன, அந்த 4.5 வோல்ட் ஒரு 470கே வழியாக அதே 3ஆம் காலுக்கு வருகிறது. 6ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு 1 மெகா ஓம், அதன் தோளில் இணையாக ஒரு 25 பிகோஃபாரட் கெப்பாசிட்டர். 2ஆம் காலிலிருந்து 4.7கே, 0.047 மைக்ரோஃபாரட், 500கே கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) கண்ட்ரோல் மூன்றும் வரிசையாகக் கிரவுண்டுக்கு. 6ஆம் காலிலிருந்து 4.7 மைக்ரோஃபாரட், பிறகு 10கே. அதன் மறுமுனையில் எதிரெதிர்த் திசையில் இரண்டு 1என்4148 டயோடுகளும் 0.001 மைக்ரோஃபாரடும் கிரவுண்டுக்கு. கடைசியில் 100கே வால்யூம். உங்கள் பெடல் வேறு சர்க்யூட்டாக இருந்தாலும் தேடும் வரிசை இதேதான்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், மஞ்சள் நிற டிடி-830 கூடப் போதும். 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயக் கம்பி, ஈயம் உறிஞ்சும் பம்ப், புது 9 வோல்ட் பேட்டரி, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பழைய பல் துலக்கும் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். குத்திப் பார்க்க ஒரு ஈர்க்குச்சி. மின்சாரம் கடத்தாது, முனை மெலிது, இதற்கென்றே முளைத்தது போல இருக்கும். போர்டின் வரைபடம் கண் முன்னால் காகிதத்தில் இருக்கட்டும். போன் திரையில் பெரிதாக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு காலை எண்ணத் தவறிவிடுவீர்கள்.

படி 1: மின்சாரம் கொடுக்கும் முன்

பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை 2கே ஓமில் வைத்து, போர்டின் 9 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளங்கள். பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும்போது எண் ஏறிக்கொண்டே போகும், அது சரி. சிவப்பு முனை 9 வோல்ட்டிலும் கறுப்பு முனை கிரவுண்டிலும் இருக்க, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் எங்கோ ஷார்ட். அதைத் தீர்க்காமல் பேட்டரியைத் தொட வேண்டாம்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. அவசரப்படாமல் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ். 4.7 மைக்ரோஃபாரடின் பிளஸ் பக்கம் 6ஆம் காலைப் பார்த்திருக்க வேண்டும். டயோடில் கோடு இருக்கும் முனை கேத்தோடு. இரண்டு டயோடுகளின் கோடுகளும் எதிரெதிராக இருக்க வேண்டும். ஐசியின் பிறை வெட்டு வரைபடத்தில் உள்ள பக்கமே இருக்கிறதா?

கெப்பாசிட்டர் எண்களில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். 102 என்றால் 0.001, 103 என்றால் 0.01, 473 என்றால் 0.047, 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட். ஐந்து வளைய ரெசிஸ்டர்கள் இன்னும் மோசம்: பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு என்றால் 1கே, நான்காவது வளையம் சிவப்பானால் 10கே. டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வளையத்தை நம்பாமல் போர்டில் பொருத்தும் முன்பே மீட்டரால் அளந்துவிடுவது நல்லது. பொருத்திய பிறகு அளந்தால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்துகொண்டு எண் குறைவாக வரலாம்.

டிரான்சிஸ்டர் உள்ள பெடலானால் கால்களை ஒரு முறை சரிபாருங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, 2என்3904 இடமிருந்து வலம் எமிட்டர், பேஸ், கலெக்டர். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிசி547 இதற்கு நேர்மாறு: கலெக்டர், பேஸ், எமிட்டர். ஒன்றுக்கு மற்றது மாற்றாகும். ஆனால் திருப்பி வைக்க வேண்டும்.

வெரோபோர்டில் (செம்புக் கோடுகள் வரிசையாக ஓடும் துளைப் பலகை) கட்டியிருந்தால் தனிக் கவனம் தேவை. ஐசிக்கு அடியில் நான்கு செம்புக் கோடுகளையும் வெட்டியிருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் எதிரெதிர்க் கால்கள் சேர்ந்துவிடும்: 1உம் 8உம், 2உம் 7உம், 3உம் 6உம், 4உம் 5உம். 2-7 சேர்ந்தால் 2ஆம் காலில் முழு 9 வோல்ட் நிற்கும். 3-6 சேர்ந்தால் வெளியே போகும் ஒலி உள்ளே வரும் வாசலிலேயே ஒட்டிக்கொள்ளும். வெட்டியதாகத் தெரியும் இடத்தில்கூட முடி அளவு செம்பு மிச்சமிருக்கும். மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து ஒவ்வொரு வெட்டின் இரு பக்கமும் தொடுங்கள். பீப் வரக் கூடாது. பிறகு பிளேடு நுனியால் கோடுகளின் இடைவெளியை நீளமாக ஒரு முறை இழுத்துவிட்டு, ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேயுங்கள். இந்த ஒரு வேலையிலேயே உயிர் பெறும் போர்டுகள் நிறைய.

ஈயம் வைத்த இடங்களைப் பார்க்கும் விதம்: நல்ல பற்று பாகத்தின் காலைத் தழுவி, சின்ன எரிமலை போலச் சரிந்து பரவியிருக்கும். கோளாறான பற்று உருண்டையாக, முத்துப்போல உட்கார்ந்திருக்கும். காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அதுதான் பற்றாத இடம். மறுபடி சுடவைத்து, புது ஈயம் ஒரு துளி கொடுங்கள். பழைய ஈயத்தை மட்டும் உருக்கினால் ஃபிளக்ஸ் (ஈயம் பற்ற உதவும் பசை) இல்லாததால் திரும்பவும் உருண்டையே வரும்.

படி 2: கரண்ட் சரியாக வருகிறதா

100 ஓம் ரெசிஸ்டரை பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே வைத்து இணையுங்கள். அதன் இரு முனைக்கும் குறுக்கே வோல்ட்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது. இந்தச் சர்க்யூட் 4.7கே ரெசிஸ்டர் போட்ட எல்இடியோடு சேர்த்து 2 முதல் 4 மில்லிஆம்பியர் எடுக்கும், ஆக 0.2 முதல் 0.4 வோல்ட். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் உடனே கழற்றுங்கள். முழு ஷார்ட்டாக இருந்தாலும் இந்த ரெசிஸ்டர் கரண்டை 90 மில்லிஆம்பியரில் பிடித்து நிறுத்தும், ஆனால் விரல் சுடும் அளவுக்குச் சூடாகும்.

ஒன்றுமே ஓடவில்லையா? உள்ளீட்டு ஜாக்கில் கேபிள் செருகியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பெடல்களில் பேட்டரியின் மைனஸ் ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்துக்குப் போகும். மோனோ பிளக் செருகினால்தான் அது கிரவுண்டைத் தொடும். கேபிள் இல்லாமல் மேசையில் வைத்துச் சோதித்துவிட்டு, பெடல் செத்துவிட்டது என்று தலையில் கை வைப்பது சகஜம்.

அடாப்டரிலும் பொறிகள் உண்டு. கிட்டார் பெடல்களில் வழக்கம் நடு ஊசி மைனஸ், வெளி வளையம் பிளஸ். ரூட்டர், சிசிடிவி அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தப்பான அடாப்டரைச் செருகியபோது பாதுகாப்புக்குப் போட்ட 1என்4001 டயோடு தன்னைப் பலி கொடுத்து ஷார்ட்டாகிவிடும். பிறகு சரியான அடாப்டர் போட்டாலும் 9 வோல்ட் முனையில் பூஜ்யமே காட்டும். அந்த டயோடின் ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள்; மின்சாரம் வந்துவிட்டால் புது டயோடு போட்டால் போதும்.

வெளியில் உலோகம் தெரியும் டிசி ஜாக்கை வாங்காதீர்கள். அதன் உடல் வெளி வளையத்தோடு சேர்ந்தது, அதாவது பிளஸ். பெடல் டப்பாவோ கிரவுண்டு. திருகி இறுக்கிய நொடியில் ஷார்ட். பிளாஸ்டிக் உடல் ஜாக்கே போடுங்கள்.

இன்னொன்று: ரெகுலேட்டர் இல்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை '9 வோல்ட்' அடாப்டர் சுமை இல்லாமல் 12, 13 வோல்ட் காட்டும். எலக்ட்ரோலிடிக் எல்லாம் 25 வோல்ட் தாங்கக்கூடியதாக இருந்தால் கவலையில்லை. 10 வோல்ட் என்றால் மாற்றிவிடுங்கள். ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் (கரடுமுரடான ஒலி தரும்) பெடல்களில் கிரவுண்டு பிளஸ் பக்கம் இருக்கும். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் சங்கிலியில் மாட்டினால் அடாப்டரே ஷார்ட்டாகும். அவற்றுக்குத் தனி பேட்டரிதான்.

படி 3: பைபாஸில் கேட்கிறதா

மிதித்து பெடலை அணைத்த நிலையில் (இதுதான் பைபாஸ்) கிட்டார் சுத்தமாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போர்டைத் தொடவே வேண்டாம். பழுது ஜாக்கிலோ ஸ்விட்ச்சிலோ இருக்கிறது.

ஒன்பது கால் புட்ஸ்விட்ச்சை 90 பாகை திருப்பி ஒயர் செய்துவிடுவது இயல்பாக நடக்கும் தவறு. ஒன்பது கால்களும் மூன்று மூன்றாக மூன்று குழுக்கள். ஒவ்வொன்றிலும் நடுக்கால் ஒரு மிதிக்கு மேல்காலோடும் மறு மிதிக்குக் கீழ்காலோடும் சேரும். கன்டினியூட்டியில் பார்த்தால் குழுக்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று ஒரு நிமிடத்தில் தெரியும். எல்லா ஒயரையும் கழற்றிவிட்டுச் சோதிப்பதே சரியான முடிவு தரும். ஒரு குழுவில் மட்டும் பீப் விட்டுவிட்டு வந்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. அடுத்த ஸ்விட்ச்சில் ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் அயர்ன் வைக்காதீர்கள். ஒரு காலை முடித்ததும் தள்ளியிருக்கும் காலுக்குப் போங்கள்.

படி 4: ஐசி கால்களில் வோல்ட்டேஜ்

மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில், 20 வோல்ட் டிசி. முதலில் 7ஆம் கால்: பேட்டரி வோல்ட்டேஜ். 4ஆம் கால்: பூஜ்யம். 6ஆம் கால்: பேட்டரி வோல்ட்டேஜில் பாதி, 4.3 முதல் 4.7 வரை எதுவும் சரி. 1, 5, 8 மூன்றும் இங்கே எதனோடும் சேராதவை.

இப்போது 3ஆம் காலுக்கு வருவோம், பலரை வழி தவறச் செய்யும் இடம் இது. மீட்டர் 3 வோல்ட் காட்டும். 'பாதி வரவில்லையே' என்று 22கே ரெசிஸ்டர்களை மாற்றத் தொடங்குவார்கள். குற்றவாளி மீட்டர். டிடி-830 வகையின் உள் எதிர்ப்பு 1 மெகா ஓம்தான். 470கே வழியாக வரும் வோல்ட்டேஜை அது அளக்கும்போது தானும் ஒரு பங்கைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடுகிறது: 4.5இல் 3.04 மிஞ்சும். 10 மெகா ஓம் மீட்டரில் அதே இடம் 4.3 காட்டும். எனவே 3ஆம் காலை விட்டுவிட்டு, இரண்டு 22கே சந்திக்கும் இடத்தை அளங்கள்; அங்கே எந்த மீட்டரும் 4.5ஐ ஒட்டியே காட்டும். அங்கே 4.5 இருந்து 6ஆம் காலும் 4.5 ஆக இருந்தால் 3ஆம் காலும் நலமே.

6ஆம் கால் 8 வோல்ட் பக்கமோ 1.5 பக்கமோ ஒட்டிக்கொண்டு அசையாவிட்டால் முதலில் 1 மெகா ஓமின் இரு முனைகளையும் பாருங்கள். அது விட்டுப்போனால் ஐசிக்குக் கடிவாளம் இல்லை. அடுத்து 470கே. அடுத்து 0.047 கெப்பாசிட்டர் ஷார்ட்டா, அல்லது அந்த இடத்தில் தப்பாக ஜம்பர் (இணைப்பு ஒயர்) போட்டிருக்கிறீர்களா? இவை மூன்றும் சரியானால் மட்டும் ஐசியை மாற்றுங்கள். டிஎல்071 அப்படியே பொருந்தும். டிஎல்072 சாக்கெட்டில் உட்காரும், ஆனால் வேலை செய்யாது: அது இரட்டை ஐசி, பிளஸ் 8ஆம் காலில் வேண்டும்.

டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் சிலிக்கான் என்றால் பேஸ் எமிட்டரைவிட ஏறக்குறைய 0.6 வோல்ட் மேலே இருக்க வேண்டும். ஃபஸ் ஃபேஸ் என்ற பெடல் வகையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் 4.5 பக்கம் இருந்தால் நல்லது. 8க்கோ 1க்கோ போய்விட்டால் சுரம் தேயும்போது கரகரத்து அறுந்து அறுந்து விழும்.

படி 5: ஒலியைக் காதால் துரத்துவது

வோல்ட்டேஜ் எல்லாம் சரி, ஒலி மட்டும் இல்லை என்றால் ஆடியோ புரோப் கட்டுங்கள். பழைய மோனோ கேபிளின் ஒரு முனையை வெட்டி, உள் ஒயரில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்த்து அதன் மறு காலை முனையாக வைத்துக்கொள்ளுங்கள். வெளி வலையில் ஒரு முதலை கிளிப், அது பெடலின் கிரவுண்டில். மறு முனை ஆம்ப்ளிஃபயருக்கு, வால்யூம் குறைவாக. 9 வோல்ட் பெடலில் மட்டும் இதைச் செய்யுங்கள். வால்வு ஆம்ப்புக்குள் இந்த ஒயரைக் கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து.

பெடலை மிதித்து இயங்கும் நிலையில் வைத்து, உள்ளீட்டில் போனிலிருந்து ஏதாவது ஒரு பாட்டை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு கை கிட்டாருக்கும் ஒரு கை புரோப்புக்கும் என்று திண்டாட வேண்டாம். இப்போது ஜாக்கின் முனையிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு போங்கள்.

0.01க்கு முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்க வேண்டும். 10கே தாண்டி 3ஆம் கால், அதே அளவுதான். 2ஆம் காலிலும் ஏறக்குறைய அதே பாட்டு கேட்டால் ஐசி வேலை செய்கிறது என்று அர்த்தம், ஏனெனில் 2ஐ 3க்குச் சமமாக வைத்திருப்பதுதான் அதன் தொழில். 6ஆம் காலில் திடீரென்று பெரிதாகப் பாயும், காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 4.7 மைக்ரோஃபாரடுக்குப் பின்னும் அதே. 10கே தாண்டி டயோடு சந்திப்பில் சத்தம் குறைந்து கரகரப்பு ஏறியிருக்கும். பிறகு வால்யூம் கண்ட்ரோலின் வெளிக்கால், நடுக்கால், ஸ்விட்ச், வெளி ஜாக்.

எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே பாட்டு நின்றதோ அங்கேதான் பழுது. ஒரே செம்புக் கோட்டின் இரு முனையில் ஒன்றில் கேட்டு மற்றதில் கேட்காவிட்டால் கோடு விரிசல் விட்டிருக்கிறது. ஒலி வந்து வந்து போனால் புரோப்பை அங்கேயே வைத்துக்கொண்டு ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பாகத்தையும் லேசாக அசையுங்கள்.

டயோடு சந்திப்பில் ஒலி செத்துவிட்டால் ஒரு டயோடு ஷார்ட், அல்லது 0.001 கெப்பாசிட்டர் ஷார்ட். டயோடு சோதனையில் மீட்டர் இரு திசையிலும் 0.6 காட்டினால் பதற வேண்டாம். எதிரெதிராக இரண்டு இருப்பதால் அப்படித்தான் காட்டும். ஒரு திசையில் மட்டும் 0.6 வந்தால் இரண்டையும் ஒரே பக்கம் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அல்லது ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

வேலை செய்கிறது, ஆனால் சரியில்லை

கெயின் கண்ட்ரோலைத் திருப்பினால் கடைசி ஓரத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது என்ற புகார் அடிக்கடி வரும். கணக்கைப் பாருங்கள்: முழுக்கக் குறைத்தால் ஒலி 3 மடங்கு, லீனியர் பொட்டென்ஷியோமீட்டரில் பாதியில் 5 மடங்கு, பத்தில் ஒன்பது பங்கு திருப்பியும் 19 மடங்கு, முழுக்கத் திருப்பினால் 214 மடங்கு. எதுவும் பழுதில்லை, 500கேயில் 'சி' எழுத்துப் போட்ட ரிவர்ஸ் லாக் வகை வேண்டும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் அதன் வெளிக்காலில் டிசி பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் தூசி. கான்டாக்ட் கிளீனர் போதும். சில நூறு மில்லிவோல்ட் இருந்தால் 4.7 மைக்ரோஃபாரட் கசிகிறது, அல்லது தலைகீழாக மாட்டியிருக்கிறது.

இரைச்சல் பேட்டரியில் இல்லாமல் அடாப்டரில் மட்டும் வந்தால் 9 வோல்ட் வரும் வழியில் 100 ஓம், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். பேட்டரியிலும் இரைந்தால் டப்பா கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடித்த டப்பாவில் ஜாக்கின் வாஷர் பெயின்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தை உள்பக்கம் சுரண்டுங்கள்.

கெயின் ஏற்றும்போது கீச்சென்று விசில் அடித்தால் உள்ளே வரும் ஒயரும் வெளியே போகும் ஒயரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. பிரித்து எதிரெதிர்ச் சுவர் ஓரமாகக் கொண்டு போங்கள். 25 பிகோஃபாரட் இருக்கிறதா என்றும் பாருங்கள். மிதிக்கும்போது 'டப்' என்றால் போர்டின் உள்ளீட்டு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ஒன்று.

டப்பாவுக்குள் வைத்ததும் சாகிற பெடல்

வெளியே பாடும், மூடினால் ஊமையாகும். பிளக் செருகும்போது ஜாக்கின் முனைத் தகடு வெளிப்பக்கம் வளைந்து சுவரைத் தொடும். பிளக் இல்லாமல் பார்த்தால் இடைவெளி நிறைய இருப்பதாகவே தோன்றும். எனவே இரு கேபிளும் செருகிய நிலையில் பாருங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் உலோக முதுகு போர்டின் அடிப்பக்கத்தைத் தொடும் இடத்தில் தடித்த அட்டையோ இன்சுலேஷன் டேப்போ ஒட்டுங்கள். மூடியைத் திருகும்முன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். எந்த மூலையை அழுத்தும்போது ஒலி நிற்கிறதோ அந்த மூலைக்கு அடியில் தேடுங்கள்.

எல்லாம் சரியானதும் 6ஆம் கால், 7ஆம் கால், 22கே சந்திப்பு ஆகிய மூன்று இடத்து வோல்ட்டேஜையும் பேட்டரி வோல்ட்டேஜையும் மார்க்கரால் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அளந்த மீட்டர் எது என்பதையும் சேர்த்து.